வால்பேப்பரை விசைப்பலகையிலிருந்தே மாற்றுவது எப்படி?

என் அக்கா வீட்டில் இருந்தபடியே இரண்டு ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறார். அவருடைய கம்ப்யூட்டரில், வாங்கிய அன்று இருந்த நீலப் படமே நான்கு வருஷமாக இருந்தது. மார்கழியில் ஒருமுறை போயிருந்தபோது கேட்டார்: "தம்பி, தினமும் போட்ட கோலத்தை எல்லாம் போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன். அது இந்தத் திரையில மாறி மாறி வர்ற மாதிரி செஞ்சு தர முடியுமா?"

அரை மணிக்கு ஒரு படம் மாறும்படி வைத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். பத்து நாள் கழித்து போன் வந்தது. "மாறுதுதான்டா. ஆனா நான் பார்க்கிறப்போ மாற மாட்டேங்குது. நான் கணக்குல மூழ்கி இருக்கிறப்போ பின்னாடி மாறிடுது, அடுப்படிக்குப் போனா அப்போ மாறிடுது. நானா ஒரு பட்டனைத் தட்டினா அடுத்த படம் வரணும். அப்படி ஏதாவது இருக்கா?"

"இருக்குக்கா. ராத்திரி கூப்பிடு, சொல்லித் தர்றேன்."

அக்கா கேட்டது சரியான கேள்வி. வால்பேப்பரைத் தானாக மாற்றுவது என்றாலே எல்லோரும் கடிகாரத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் நாம் எப்போது ஒரு வேலையை முடித்து நிமிர்கிறோம் என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. ஒரு கணக்கை முடித்து, நாற்காலியில் சாய்ந்து, ஒரு விசையைத் தட்டி, பழைய மார்கழிக் கோலம் ஒன்று திரை முழுக்க வருவதைப் பார்ப்பது வேறு அனுபவம். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். விண்டோஸுக்கும் மேக்குக்கும் கூடுதலாக எந்த மென்பொருளும் தேவையில்லை. லினக்ஸுக்கு மட்டும் ஒரு இலவச மென்பொருள் வேண்டும்.

முதலில் படங்கள்

விசையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு ஃபோல்டர் தயாராக வேண்டும். இந்த வேலையில் அதிக நேரம் கேட்பதும், அந்த நேரத்துக்குப் பலன் தருவதும் இதுதான். விசை அமைப்பது பத்து நிமிஷ வேலை. ஆனால் ஃபோல்டரில் கண்டதையும் கொட்டி வைத்தால், விசையைத் தட்டும்போது ஒரு முறை கோலமும் அடுத்த முறை மின்சார ரசீதும் வரும்.

பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் "வால்பேப்பர்" என்ற பெயரில் ஒரு புது ஃபோல்டர் திறந்துகொள்ளுங்கள். பென் டிரைவில் வைக்க வேண்டாம். அதைக் கழற்றிய அன்றே எல்லாம் நின்றுவிடும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் வேண்டாம், என்றைக்காவது இடம் போதாமல் மொத்தமாக அழித்துவிடுவோம். படங்களை அங்கிருந்து எடுத்து வராமல், நகல் எடுத்து இதில் போடுங்கள். மூலப்படம் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

எத்தனை படம்? முப்பதிலிருந்து ஐம்பது வரை இருந்தால் நன்றாக இருக்கும். ஐந்தாறு மட்டும் இருந்தால் ஒரே நாளில் சலித்துவிடும். ஐநூறு போட்டால், பிடித்த ஒரு படம் மறுபடி எப்போது வரும் என்றே தெரியாது.

படத்தின் வடிவத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான திரைகள் இன்று 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கின்றன. 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம் என்பது வழக்கமான அளவு. போன் கேமராவோ வழக்கமாக 4-க்கு 3 விகிதத்தில் படம் எடுக்கிறது. போனைப் படுக்கவைத்து எடுத்த படம் 4000-க்கு 3000 என்று வைத்துக்கொள்வோம். அதைத் திரை முழுக்க நிரப்பினால் 1920-க்கு 1440 ஆகச் சுருங்கும். திரையின் உயரம் 1080 மட்டுமே. மீதி 360 வெட்டுப்படும், அதாவது உயரத்தில் கால் பங்கு போய்விடும். குடும்பப் படத்தில் பின்வரிசையில் நிற்பவர்களின் தலை காணாமல் போவது இதனால்தான். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமாக இருந்தால் இன்னும் மோசம்: பாதிக்கும் மேலே, சுமார் 58 சதவீதம், வெட்டுப்பட்டுவிடும். ஆகவே இந்த ஃபோல்டருக்கு என்று எடுக்கும்போது போனைப் படுக்கவைத்து, பொருளைச் சுற்றி மேலேயும் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். பல போன் கேமராக்களில் 16-க்கு 9 என்று விகிதத்தையே மாற்றிக்கொள்ளலாம். அக்கா இப்போது வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, போனைப் படுக்கவைத்துத்தான் எடுக்கிறார். கோலம் நடுவில், இரண்டு பக்கமும் ஈரத் தரை. திரைக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

அந்த ஈரத் தரை இன்னொரு விதத்திலும் உதவுகிறது. விண்டோஸில் ஐகான்கள் இடது ஓரத்தில் வரிசையாக அடுக்கப்படும். அந்த இடத்தில் படம் நெருக்கடியாக இருந்தால் ஐகானின் பெயரைப் படிக்க முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த பச்சைக் குன்றும் நீல வானமும் நினைவிருக்கிறதா? அது சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996-ல் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் ஃபிலிம் கேமராவில் எடுத்த உண்மையான படம். குன்றும் வானமும் மேகமும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஐகானை எங்கே வைத்தாலும் பெயர் தெரியும். அந்த அமைதி உள்ள படங்களாகப் பொறுக்கி எடுங்கள்.

இரண்டு சின்ன எச்சரிக்கைகள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டே வந்து சேரும், பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். உறவினரிடம் கேட்டு வாங்கும்போது டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து, ஐபோன் 2017-லிருந்து படங்களை ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரும் அதைச் சட்டென்று திறப்பதில்லை. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகவே சேமிக்கப்படும்.

விண்டோஸில் ஸ்லைடுஷோ

ஒரு ஃபோல்டரில் உள்ள படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வால்பேப்பராகக் காட்டும் ஸ்லைடுஷோ வசதி 2009-ல் வந்த விண்டோஸ் 7-லிருந்தே இருக்கிறது. கீழே சொல்வது விண்டோஸ் 11-க்கு. விண்டோஸ் 10-லும் கிட்டத்தட்ட இதே பெயர்கள்தான், இடம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும்.

1. டெஸ்க்டாப்பில் ஐகான் எதுவும் இல்லாத இடத்தில் ரைட் கிளிக் செய்து "பெர்சனலைஸ்" என்பதைத் திறக்கவும்.
2. வரும் பக்கத்தில் "பேக்ரவுண்ட்" என்பதைத் திறக்கவும்.
3. மேலே "பிக்சர்" என்று இருக்கும் பெட்டியைக் கிளிக் செய்து "ஸ்லைடுஷோ" என்று மாற்றவும்.
4. "பிரவுஸ்" பட்டனைக் கிளிக் செய்து, நாம் தயாரித்த ஃபோல்டரைக் காட்டவும்.
5. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்ற இடத்தில் "1 டே" என்று வைக்கவும்.
6. "ஷஃபிள்" என்பதை ஆன் செய்யவும்.

ஐந்தாவது படியில் ஏன் ஒரு நாள்? அந்தப் பெட்டியில் ஒரு நிமிஷத்திலிருந்து ஒரு நாள் வரைதான் இருக்கிறது. "மாறவே வேண்டாம்" என்று ஒன்று இல்லை. நாம் விசையால் மாற்றப் போகிறோம், அதனால் கடிகாரத்தை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கிறோம். ஷஃபிள் ஆனில் இருந்தால் அடுத்து வரும் படம் எது என்று தெரியாது. எனக்கு அது பிடிக்கும். பயணப் படங்களை எடுத்த வரிசையிலேயே பார்க்க விரும்பினால் ஆஃப் செய்துவிடுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அதே பக்கத்தில் இன்னொரு பொத்தானும் இருக்கிறது: பேட்டரியில் ஓடும்போதும் ஸ்லைடுஷோ நடக்கட்டுமா என்று கேட்கும். அதை ஆன் செய்து வையுங்கள். இல்லாவிட்டால் சார்ஜரைக் கழற்றியதும் படம் நின்றுவிடும், என்ன கெட்டுப்போனது என்று தேடிக்கொண்டிருப்போம்.

கடைசியாக "ஃபிட்" பெட்டி. அதில் "ஃபில்" என்று இருந்தால் திரை நிறையும், ஓரம் வெட்டுப்படும். "ஃபிட்" என்று வைத்தால் முழுப் படமும் தெரியும், ஓரத்தில் வெற்றுப் பட்டை விழும். படங்களை நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தால் ஃபில் போதும்.

விசைகளால் மாற்றுவது

ஸ்லைடுஷோ ஓடத் தொடங்கியதும், டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் "நெக்ஸ்ட் டெஸ்க்டாப் பேக்ரவுண்ட்" என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும். ஸ்லைடுஷோ இல்லாதவர்களுக்கு இந்த வரி வராது. அதைக் கிளிக் செய்தால் உடனே அடுத்த படம். மவுஸைத் தொடாமல் அதே வரியை அடைவதுதான் நாம் செய்யப்போவது.

விண்டோஸ் விசையோடு, டெஸ்க்டாப் என்ற சொல்லின் முதல் எழுத்தான டி. திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களும் ஒதுங்கி டெஸ்க்டாப் தெரியும்.

ஷிஃப்ட் விசையோடு எஃப்10. இது ரைட் கிளிக் செய்வதற்குச் சமம், பட்டியல் திறக்கும். சில லேப்டாப்களில் எஃப் வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலை பார்க்கும். அங்கே எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்து, நெக்ஸ்ட் என்ற சொல்லின் முதல் எழுத்தான 'என்' விசை. படம் மாறிவிடும். மறுபடி விண்டோஸ் விசையோடு டி தட்டினால் ஒதுங்கிய ஜன்னல்கள் பழையபடி வந்து நிற்கும்.

எழுத்தில் படிக்க நீளமாக இருக்கிறது. கையில் இது ஒரே தாளமாக வந்துவிடும்: டி, எஃப்10, என், டி. அக்காவுக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை எஃப்10 எங்கே என்று தேடினார், இரண்டாம் தடவை மெதுவாகச் செய்தார், ஐந்தாம் தடவை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டித் தட்டிப் பார்த்து, "ஐயோ இது போகிக்கு முந்தின நாள் போட்டது" என்று ஒவ்வொரு கோலத்துக்கும் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் போனை வைக்க அரை மணி ஆயிற்று.

இதில் தடுக்கி விழ வாய்ப்புள்ள இடங்கள் இரண்டு. டெஸ்க்டாப்பில் ஏதாவது ஒரு ஐகான் தேர்வாகி இருந்தால், ஷிஃப்ட் எஃப்10 அந்த ஐகானுக்குரிய பட்டியலைத் திறந்துவிடும். அதில் நமது வரி இருக்காது. எஸ்கேப் தட்டி மூடிவிட்டு, கன்ட்ரோல் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டுங்கள், தேர்வு விலகும். அப்புறம் மறுபடி ஷிஃப்ட் எஃப்10.

இரண்டாவது, தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கே உரியது. விசைப்பலகை தமிழ்99 போன்ற அமைப்பில் இருக்கும்போது 'என்' விசையைத் தட்டினால் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்வது ஒரு தமிழ் எழுத்து. பட்டியலுக்கு அது புரியாது, ஒன்றும் நடக்காது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டுச் செய்யலாம். அல்லது எழுத்தே வேண்டாம், பட்டியல் திறந்ததும் அம்பு விசையால் அந்த வரி வரை போய் என்டர் தட்டலாம். விண்டோஸையே தமிழ் இடைமுகத்தில் வைத்திருப்பவர்களுக்கும் அம்பு விசைதான் நம்பகமானது, அங்கே வரியின் பெயரே வேறு.

ஒரே அழுத்தில் ஒரு தொகுப்பு

மேலே சொன்னது அடுத்த படத்துக்குப் போகும் வழி. குறிப்பிட்ட ஒரு படத்துக்கு, அல்லது குறிப்பிட்ட ஒரு தொகுப்புக்கு, ஒரே அழுத்தில் தாவ வேண்டும் என்றால், திரையின் தோற்றத்தை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் தீம் உதவும். இது எனக்கு எங்கே தேவைப்பட்டது என்றால், வீடியோ கூட்டங்களில். திரையைப் பகிரும்போது வீட்டுக் குழந்தைகளின் படம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிவதை நான் விரும்பவில்லை. பகிர்வதற்கு முன் ஒரு விசை, வெறும் சாம்பல் நிறத் திரை. முடிந்ததும் இன்னொரு விசை, வீட்டுப் படங்கள். இரண்டு தீம் போதும்.

முதலில் வீட்டு ஸ்லைடுஷோ இருக்கும் நிலையில் பெர்சனலைசேஷன் பக்கத்தில் "தீம்ஸ்" என்பதைத் திறந்து, "சேவ்" தட்டி, ஆங்கில எழுத்தில் வீடு என்று பெயர் கொடுங்கள். பிறகு பேக்ரவுண்டைப் போய் "சாலிட் கலர்" ஆக மாற்றி, அடக்கமான ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, மறுபடி தீம்ஸில் வேலை என்ற பெயரில் சேமியுங்கள். தீம் என்பது படத்தை மட்டும் வைத்திருப்பதில்லை. ஜன்னல் நிறம், ஒலிகள், மவுஸ் அம்பின் வடிவம் எல்லாம் அதோடு சேர்ந்து சேமிக்கப்படும். ஆகவே இரண்டு தீமையும் சேமிக்கும் முன் மற்றவை எல்லாம் உங்களுக்குப் பிடித்தபடி இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீம்கள் மறைவான ஒரு ஃபோல்டரில் போய் உட்காரும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே "வியூ", அதில் "ஷோ", அதில் "ஹிடன் ஐட்டம்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். பிறகு சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயருள்ள ஃபோல்டர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், தீம்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போங்கள். நீங்கள் வைத்த பெயர்களில் இரண்டு ஃபைல்கள் இருக்கும். வேறு ஏதாவது இருந்தால் தொட வேண்டாம்.

வீடு என்ற ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்", அதில் "சென்ட் டு", அதில் "டெஸ்க்டாப்". இப்போது டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் ஐகான் வந்திருக்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து "பிராப்பர்ட்டீஸ்" திறந்தால் "ஷார்ட்கட் கீ" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் கிளிக் செய்துவிட்டு ஹெச் விசையைத் தட்டுங்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் விண்டோஸே முன்னால் சேர்த்துக்கொள்ளும். ஓகே. வேலை என்ற தீமுக்கும் இதையே செய்து, ஜே விசையைக் கொடுங்கள். முடிந்ததும் ஹிடன் ஐட்டம்ஸ் டிக்கை எடுத்துவிடலாம்.

இனி கன்ட்ரோல், ஆல்ட், ஜே மூன்றையும் சேர்த்துத் தட்டினால் வேலைத் திரை. ஹெச் என்றால் வீட்டுத் திரை. தட்டியதும் ஓரிரு நொடி ஆகலாம். தீம் மாறும்போது செட்டிங்ஸ் ஜன்னலும் கூடவே திறக்கும், ஆல்ட் எஃப்4 தட்டி மூடிவிடுங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு அவசரமாகத் தட்டாமல், ஒரு நிமிஷம் முன்பே தட்டி வைப்பது நல்லது. இன்னொன்று: அந்த ஷார்ட்கட் ஐகான்கள் டெஸ்க்டாப்பிலேயே இருக்க வேண்டும். வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் விசை வேலை செய்யாது.

எண்களை விட்டு எழுத்துகளை ஏன் சொன்னேன் என்றால், தமிழ் தட்டச்சு மென்பொருள் சிலவற்றில் ஆல்ட்டோடு எண்ணைச் சேர்த்துத்தான் மொழி மாற்றுவோம். கன்ட்ரோல் விசையில் விரல் சரியாக விழாமல் போனால் தீம் மாறுவதற்குப் பதில் மொழி மாறிவிடும்.

லினக்ஸ் மின்ட்டில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14-ல் நின்றன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர்களில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது நல்ல முடிவு. இந்த வேலையைப் பொறுத்தவரை விண்டோஸைவிட மின்ட்டில் சுலபம்: நாம் விரும்பும் விசைக்கு நாம் விரும்பும் கட்டளையை நேரடியாகக் கட்டிவிடலாம்.

"சாஃப்ட்வேர் மேனேஜர்" திறந்து வெரைட்டி என்று ஆங்கிலத்தில் தேடி நிறுவுங்கள். இது வால்பேப்பர் மாற்றுவதற்கென்றே உள்ள மென்பொருள். திறந்ததும் படங்கள் எங்கிருந்து வர வேண்டும் என்ற பட்டியல் காட்டும். நாசா தினமும் வெளியிடும் வானியல் படம் போன்ற இணைய மூலங்களும் அதில் இருக்கும். டேட்டா குறைவாக இருந்தால் அவற்றின் டிக்கை எடுத்துவிட்டு, "ஆட்" தட்டி உங்கள் ஃபோல்டரை மட்டும் சேருங்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்ற டிக்கையும் எடுத்துவிடலாம். இங்கே கடிகாரத்தை முழுவதுமாகவே நிறுத்த முடியும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது வெரைட்டியும் தொடங்கட்டும் என்பதை மட்டும் டிக் செய்து வையுங்கள், அது ஓடிக்கொண்டிருந்தால்தான் விசை வேலை செய்யும்.

அடுத்து "சிஸ்டம் செட்டிங்ஸ்", "கீபோர்டு", "ஷார்ட்கட்ஸ்", "கஸ்டம் ஷார்ட்கட்ஸ்" என்று போய், "ஆட் கஸ்டம் ஷார்ட்கட்" தட்டுங்கள். பெயர் எதுவானாலும் சரி. கட்டளை என்ற பெட்டியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வெரைட்டி என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகள் போட்டு, அவற்றை ஒட்டியே நெக்ஸ்ட் என்று தட்டுங்கள். சேர்த்த பிறகு, கீழே "அன்அசைன்ட்" என்று இருக்கும் வரியில் இரண்டு முறை கிளிக் செய்து, கன்ட்ரோல், ஆல்ட், டபிள்யூ மூன்றையும் அழுத்துங்கள். அவ்வளவுதான். டெர்மினல் என்ற சொல்லின் முதல் எழுத்தான டி-யை எடுத்துக்கொள்ளாதீர்கள், கன்ட்ரோல், ஆல்ட்டோடு அது கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலைத் திறப்பது. எல் திரையைப் பூட்டுவது.

நெக்ஸ்ட் என்ற சொல்லுக்குப் பதிலாக ப்ரீவியஸ் என்று போட்டு இன்னொரு விசையும் அமைத்துக்கொள்ளுங்கள். வேகமாகத் தட்டும்போது நல்ல படம் ஒன்று கடந்துபோய்விடும், திரும்பிப் போக இது வேண்டும்.

மேக்கில்

2021-ல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து மேக்கில் "ஷார்ட்கட்ஸ்" என்ற செயலி கூடவே வருகிறது. அதைத் திறந்து பிளஸ் குறியைத் தட்டினால் ஒரு வெற்றுப் பக்கம் வரும். வலது பக்கத் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தேடி மூன்று செயல்களை இந்த வரிசையில் இழுத்துப் போடுங்கள்: முதலில் "கெட் கன்டென்ட்ஸ் ஆஃப் ஃபோல்டர்", அதில் உங்கள் ஃபோல்டரைக் காட்டுங்கள். அதன் கீழே "கெட் ஐட்டம் ஃப்ரம் லிஸ்ட்", அதில் "ஃபர்ஸ்ட் ஐட்டம்" என்று இருப்பதை "ராண்டம் ஐட்டம்" என்று மாற்றுங்கள். அதன் கீழே "செட் வால்பேப்பர்". ஃபோல்டரைத் திற, ஒன்றை எடு, திரையில் போடு என்று மூன்றும் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். மேலே 'ஐ' குறியைத் தட்டினால் வரும் பகுதியில் "ஆட் கீபோர்டு ஷார்ட்கட்" இருக்கிறது. வேறு எதற்கும் பயன்படாத ஒரு சேர்க்கையை, உதாரணமாகக் கன்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட், டபிள்யூ நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். முதல் தடவை அனுமதி கேட்கும். எப்போதும் அனுமதி என்று கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்காது.

மேக் எடுப்பது குருட்டுச் சீட்டு மாதிரி. ஏற்கெனவே திரையில் இருக்கும் படமே மறுபடி வரவும் வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் இன்னொரு முறை தட்டுங்கள்.

புதுப் படம் சேர்க்க

எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும், புதிதாக ஒரு படம் சேர்ப்பதற்கு எதையும் திரும்ப அமைக்க வேண்டியதில்லை. அந்த ஃபோல்டரில் போட்டால் போதும், சுற்றில் தானே சேர்ந்துகொள்ளும். பிடிக்காத படத்தை அங்கிருந்து எடுத்துவிட்டால் சுற்றிலிருந்தும் போய்விடும். ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள், இடத்தையும் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் மாற்ற நேர்ந்தால் விண்டோஸில் பிரவுஸ் பட்டனுக்கும், வெரைட்டியில் ஆட் பட்டனுக்கும், மேக்கில் முதல் செயலுக்கும் போய்ப் புது இடத்தைக் காட்டிவிடுங்கள். விண்டோஸில் தீம் சேமித்திருந்தால் அதையும் புதிதாகச் சேமிக்க வேண்டும்.

அக்காவின் ஃபோல்டரில் இப்போது 43 படங்கள் இருக்கின்றன. நாற்பத்து மூன்றாவது, பொங்கலன்று பக்கத்து வீட்டுப் பெண் போட்ட கரும்புக் கோலம்.